ஏழாம் வாரத்தில் செத்த அழுங்கு

செருப்பை வெளியே விடு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார்.

காப்பி கிடையாது. வீட்டில் பால் வாங்குவதில்லை.

வராதே என்று போனிலேயே சொன்னேன். வந்துவிட்டாய். சாத்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்தேன் என்கிறாய். நானா வரச் சொன்னேன்? வேண்டாம் என்றால் உங்கப்பன் குருவையாவுக்கும் புரியாது. மகளுக்கும் புரியவில்லை.

அந்தக் காகிதத்தைக் கொடு. இதுதானா? "ஏழு சுனைக் காடு. கதை கோமதிநாயகம். ஓவியம் குருவையா." இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சென்னைக்காரன் புத்தகம் போடுவான். இது என்ன, உங்கப்பன் கையெழுத்தா? கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.

இடது கையா. சரி. வலது பக்கம் விழுந்துவிட்டது என்றால் வேறு எந்தக் கையால் போடுவான்.

தை மாதத்திலிருந்து படுக்கை. பேச்சு போய்விட்டது. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடுவதற்குள் அந்தப் புத்தகத்தை அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட வேண்டும். இவ்வளவுதானே? போனிலும் இதைத்தான் சொன்னாய். மறுபடி சொல்லாதே. எனக்கு எண்பத்திரண்டு வயசு, காது நன்றாகக் கேட்கிறது.

போட மாட்டேன்.

என் பெயர் அட்டையில் இருக்கட்டும். அவன் பெயரைக் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் போடட்டும். அப்படி மாற்றி எழுதிக்கொண்டு வா. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன். நடுவில் பேசாதே. நீ டீச்சர் வேலை பார்க்கிறவள் என்றாய். டீச்சர்களுக்குக் குறுக்கே பேசாமல் இருக்கத் தெரியாது.

எழுபத்தெட்டாம் வருஷம். மதுரையில் தெய்வநாயகம் என்று ஒரு ஆசிரியர், 'தத்துக்கிளி' என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நான் அங்கே உதவி ஆசிரியர். விடுகதை, புள்ளிக்குப் புள்ளி கோடு, நான்கு தப்பைக் கண்டுபிடி, எல்லாம் நான்தான். ஒருநாள் கூப்பிட்டு, நீ ஒரு தொடர் எழுது என்றார். மிருகம் வேண்டும், மாயம் வேண்டும், நடுப்பக்கம் முழுக்கக் கலர் என்றார்.

நரி, முயல், சிங்கம் எல்லாம் எல்லாரும் எழுதித் தேய்த்தாயிற்று. நான் அழுங்கைப் பிடித்தேன். அழுங்கு. உங்கள் பாடப்புத்தகத்தில் எறும்புத்தின்னி என்று போட்டிருப்பார்கள். உடம்பெல்லாம் செதில். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். செதிலான் என்று பெயர் வைத்தேன். கூட ஒரு ஆமை, ஒரு கீரி, ஒரு ஆந்தை. நல்ல கூட்டு.

ஆறு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு நின்றுவிட்டது. வைகாசியில் கேட்டார், ஆனியில் கேட்டார். கற்பனை என்ன குழாயா, திருகினால் கொட்ட? அந்தந்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் போய்யா என்று விட்டுவிட்டார்.

படத்துக்கு உங்கப்பனைச் சிவகாசியிலிருந்து வரவழைத்தார்கள். சித்திரை மாதம். ஒல்லியாக, முழங்கை வரை பச்சை மையோடு வந்து நின்றான். காலண்டருக்குச் சாமி படம் வரைகிறவன். தெய்வநாயகம் என் கதையை அவனுக்கு வாய்விட்டு வாசித்தார். "செதிலான் பல்லை நறநறவென்று கடித்தது" என்று ஒரு இடம். அங்கே கையைத் தூக்கினான்.

"சார், அழுங்குக்குப் பல்லே கிடையாதே."

தெய்வநாயகம் சிரித்தார் பார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கம்போஸ் பண்ணுகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து என்ன என்ன என்று கேட்டார்கள். "ஏன்யா கோமதி, நீ அழுங்கைப் பார்த்ததே இல்லையா?" என்றார். உங்கப்பன் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை மாதிரி நின்றான். சின்ன வயசில் மலையடிவாரத்தில் பார்த்திருக்கிறானாம். கிழங்கு தோண்டப் போன இடத்தில் பார்த்தானாம். கேட்டோமா?

நான் பார்த்ததில்லைதான். பேசுகிற ஆந்தையையும் நான் பார்த்ததில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். பல்லில்லாத ஜந்து எனக்கு வேண்டாம்.

ஆடியில் தொடர் வர ஆரம்பித்தது. ஆறு வாரம் நான் எழுதினபடியே படம். ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்லது என்று ஒரு கடிதம்கூட வரவில்லை, கெட்டது என்றும் வரவில்லை. ஏழாம் வாரப் படத்தில் காடும் ஆமையும் மட்டும்தான், அந்தக் காட்டில் தீ வைத்தேன். செதிலான் சுருண்டுகொண்டது. தீ அடங்கினபோது கறுப்பாக ஒரு உருண்டை கிடந்தது. ஆமை வந்து மூக்கால் தள்ளிப் பார்த்தது. நாலே வரி. கொன்றேன்.

எட்டாம் வாரப் படம் வந்தது.

அந்தக் காலத்து வேலை உனக்குத் தெரியாது. கலர் எல்லாம் சிவகாசியில். படத்தை மட்டும் அச்சடித்து, எழுத்துக்கு வெள்ளையாக இடம் விட்டு, கட்டுக்கட்டாக லாரியில் அனுப்புவார்கள். இங்கே மதுரையில் அந்த வெள்ளை இடத்தில் என் கதையைக் கறுப்பில் அடிப்பார்கள். பதினெட்டாயிரம் தாள். படம் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட முடியாது. கதையைத்தான் மாற்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் தெய்வநாயகம் தன் அறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் மேஜையில் போடுவார். புதன்கிழமைக்குள் நான் கதை கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு அவன் அடுத்ததைப் போடுவான்.

அந்தப் பீரோவைத் திற. மேல்தட்டு. காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணின வால்யூம். தூக்க முடிகிறதா? முப்பத்தெட்டு வாரமும் இருக்கிறது. சென்னைக்காரனிடம்கூட முழுசாக இல்லை. எட்டைப் புரட்டு.

பார்த்தாயா? பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. செத்த மிருகம். சும்மா உட்காரவில்லை, நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நீள நாக்கு. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து.

தெய்வநாயகத்திடம் போய்க் கத்தினேன். போன வாரம்தான் கொன்றேன், இவன் எப்படி உட்கார வைக்கலாம் என்றேன். அவர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டே, "ஏன்யா, உன்னால சமாளிக்க முடியாதா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

சமாளித்தேன். செதிலானுக்கு ஆயிரம் செதில், செதிலுக்கு ஒரு உயிர். தீயில் ஒரு செதில் உதிர்ந்தது, ஒரு உயிர் போனது, மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பாறைமேல் உட்கார்ந்து தீயைப் பார்த்துப் பழிப்புக் காட்டியது என்று எழுதினேன். யார் கற்பனை அது? என்னுடையது. அவன் வரைந்தது ஒரு நாக்கு.

அந்த வாரம் தபால்காரன் கடிதத்தைச் சாக்கில் கொண்டுவந்தான். பரமக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பனையோலையை நறுக்கி, செதில் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனார்களாம். வாத்தியார் ஒருத்தர் திட்டி எழுதியிருந்தார்.

நான் விடவில்லை. செதிலானைப் பாதாளத்துக்கு அனுப்பினேன். கும்மிருட்டு. இப்போது வரையடா பார்க்கலாம் என்று இருந்தேன். பதினொன்றைப் புரட்டு. எங்கே இருக்கிறது? மரத்து உச்சியில், ஆந்தை பக்கத்தில். பாதாளத்துக்குப் போன மிருகத்தை மரத்தில் ஏற்றியிருக்கிறான். எவ்வளவு திமிர். சரி என்று ஒரு தலைகீழ் மரம் செய்தேன். வேர் வானத்தில், கிளை பாதாளத்தில். கீழே இறங்கினால் மேலே வருவாய். அந்த மரத்தை வரைந்து அனுப்புங்கள் என்று ஒரு போட்டி வைத்தார்கள். நாலாயிரம் மரம் வந்தது. ஆபீசில் நடக்க இடமில்லை.

நேரில் போய்ச் சண்டை போட்டீர்களா என்று கேட்கிறாய். நானா? ஒரு போஸ்ட் கார்டுகூடப் போடவில்லை. அவனுக்கு எழுதி நான் ஏன் இறங்க வேண்டும்? எல்லாப் பதிலையும் கதையிலேயே சொன்னேன். பதின்மூன்றாம் வாரம் ஒரு குரங்கைக் கொண்டுவந்தேன். முழங்கை வரை பச்சை. வாலை மையில் தோய்த்துக் காட்டையெல்லாம் தப்புத்தப்பாக வரைந்து கெடுக்கிற குரங்கு. மானுக்கு வாலை நெற்றியில் வரைந்துவிடும், மான் அப்படியே ஆகிவிடும். படித்த எவனுக்கும் தெரியும் அது யார் என்று. ஆபீஸ் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டியிருந்தது.

பதினான்கு. பார். ஆமை. தூங்குகிற ஆமை. அவ்வளவுதான் படம். எழுதுவதில் நான் மந்தம் என்று சொல்கிறான். எப்படி அடித்தான் பார்த்தாயா.

பதினைந்தில் செதிலானைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கினேன். வந்த படத்தில் செதிலான் இல்லை. கீரி இருக்கிறது, சுனை இருக்கிறது, அது இல்லை. முதல் தடவையாக நான் சொன்னபடி கேட்டிருக்கிறான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. போனால் போகிறது, கிழவன் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறானா? எனக்கு அப்போது முப்பத்தைந்து வயசு. மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் செதிலான் தாள் முழுக்க யானை அளவு வந்து நின்றது. அப்பாடா என்று இருந்தது. உடனே வளரும் மந்திரம் ஒன்று எழுதினேன். ஒரே மூச்சில். திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன். தெய்வநாயகம் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்படியே முப்பத்தெட்டாம் வாரம் வரை. அவன் ஒன்று போடுவான், நான் ஒன்று போடுவேன். அவன் என்னைக் கெடுக்கப் பார்த்தான், நான் என் கற்பனையால் தப்பித்தேன். கடைசியில் பங்குனியில் பத்திரிகை நின்றது. காகித விலை. அது வேறு கதை.

அப்புறம் எழுதவில்லையா என்று நீ கேட்பாய். எழுதினேன். வேறு பத்திரிகையில் இரண்டு தொடர். ஒன்றில் நரி, ஒன்றில் நாரை. படத்துக்கு வேறு ஆள். தங்கமான பையன். நான் எழுதினதை எழுதினபடியே வரைவான். மரம் என்றால் மரம், கிணறு என்றால் கிணறு. ஒரு தொல்லை இல்லை. இரண்டையும் நாலாவது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ரசனை போய்விட்டது.

இப்போது சொல். கதையை அழிக்கப் பார்த்தவனுக்கு அட்டையில் இடமா? அதுவும் ஒரே அளவில்?

என்ன முழிக்கிறாய்? ஏதாவது சொல். இவ்வளவு நேரம் பேசாதே என்றேன், இப்போது பேசு என்கிறேன்.

என்ன? திரும்பச் சொல்.

படிக்கவில்லையா? எதை? ஒரு வரிகூடவா?

நிறுத்து. வேகமாகப் பேசாதே. முப்பத்திரண்டு படத்தையும் ஆனியிலேயே வரைந்து முடித்துவிட்டானா? மொத்தமாகவா? பிரஸ் மாடியில் இருபது நாள், வீட்டுக்கு வராமல். உன் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள், நீ அவள் இடுப்பில். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்து ஆர்டர் குவிந்துவிடும், அதற்குப் பிறகு தை வரை சிவகாசியில் எந்த மிஷினும் காலி இருக்காது. அது எனக்கும் தெரியும். அதனால் முன்கூட்டியே மொத்தமும் அடித்து மதுரைக்கு ஏற்றிவிட்டார்கள். கதை வரவில்லை, அதனால் கதை இல்லாமலே வரையச் சொன்னார்கள்.

கதை ஏன் வரவில்லை.

சரி. அது தெரியும். மேலே சொல்.

பிரஸ் மேனேஜர் வாயால் சொன்னான். காடு, சுனை, நாலைந்து மிருகம், உன் இஷ்டத்துக்குப் போடு. அழுங்கை நிறையப் போடு, அதை எவனும் பார்த்ததில்லை, பிள்ளைகள் ஆசையாக வாங்கும். அவ்வளவுதானா? அவ்வளவுதான் சொன்னானா?

அப்படியென்றால் தாளெல்லாம் கிடங்கிலும், மாதிரிக் கட்டு தெய்வநாயகத்தின் அறையிலும் கிடந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து. வாரம் ஒன்றாக எடுத்துவந்து போட்டிருக்கிறார் மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போய்ப் பதினெட்டு வருஷம். யாரைப் போய்க் கேட்பது?

நாக்கு? நாக்குக்கு என்ன சொல்கிறாய்?

எறும்பு தின்னும்போது நாக்கு வெளியேதான் இருக்கும் என்கிறாய். எங்கே எறும்பு? காட்டு. கண்ணாடியை எடு. இதுவா? பாறை ஓரத்தில் புள்ளி புள்ளியாக? இது அச்சுப் பிசிறு. இது... கால் இருக்கிறது. ஆறு கால். இவ்வளவு வருஷமாகப் பிசிறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமை? தூங்குகிற ஆமை?

கண்ணைத் திறந்து வைத்தால் முகம் சரியாக வரவில்லையாம். மூடிவிட்டானாம்.

உனக்கு எப்படித் தெரியும்? நாலு வயசுப் பிள்ளை நீ. ஓ, படத்தாள் வீட்டில் இருந்ததா. எழுத்து அடிக்காத தாள். அதைப் பிரித்து வைத்து உனக்கு மிருகம் சொல்லிக்கொடுப்பான். வெள்ளையாக விட்ட இடத்தில் நீ அ, ஆ எழுதிப் பழகினாய். என் கதை இருக்க வேண்டிய இடத்தில். நன்றாக இருக்கிறது. பத்திரிகை ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

அப்படியென்றால் குரங்கு?

குரங்கும் தெரியாது. தலைகீழ் மரமும் தெரியாது. ஏழாம் வாரம் அது செத்ததே தெரியாது.

பொய். பொய் சொல்கிறாய் நீ. கையெழுத்து வாங்க வந்தவள் என்ன வேண்டுமானாலும் சொல்வாய். முப்பத்திரண்டு வாரம் ஒருத்தன் தெரியாமல் இப்படி அடிக்க முடியுமா? ஒவ்வொன்றும் சரியாக வந்து விழுந்ததே. நான் தூங்கினால் எழுப்புகிற மாதிரி அடித்தானே. அவனுக்கு என்மேல் அவ்வளவு...

சும்மா இரு. தண்ணீர் வேண்டாம்.

சாமி படம் வரைகிறவன். மாடியில் உட்கார்ந்து எறும்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்வானா? யோசித்துச் சொல். திட்டியாவது? பல்லில்லை என்று சொன்னேனே, அந்த ஆள் என்று?

ஒன்றும் சொன்னதில்லையா. பெயர்கூடவா? சென்னைக்காரன் கடிதம் வந்த பிறகுதான் கதை கோமதிநாயகம் என்று தெரிந்துகொண்டீர்களா.

சரி.

காது கேட்கிறதா அவனுக்கு? நன்றாகக் கேட்கிறதா? சொன்னால் புரிகிறதா? நீ உள்ளே நுழைந்தால் முகம் மாறுகிறது என்றாய். எந்தப் பக்கம்? இடது. ஒரு பக்கம் போதும்.

சென்னைக்காரன் புத்தகம் எப்போது தருவான்? மூன்று மாதமா? டாக்டர் நாள் சொல்லவில்லை என்கிறாய், புத்தகம் மூன்று மாதம் என்கிறாய். கணக்குத் தெரிந்துதான் டீச்சர் வேலை கொடுத்தார்களா உனக்கு?

பேனாவைக் கொடு. இங்கேதானே? இந்தா. ஒரே அளவோ, அவன் பெயர் பெரிசாகவோ, என்னவோ போட்டுக்கொள்ளட்டும். அழாதே. உனக்காகப் போடவில்லை. மூக்கைத் துடை, காகிதத்தில் சிந்தாதே.

ஒருத்தனை இவ்வளவு வருஷம் திட்டியிருக்கிறேன். அவன் அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்வது?

அந்த மஞ்சள் பையை எடு. வால்யூமைத் துண்டில் சுற்றி வை. அட்டை மடங்கினால் உன்னைச் சும்மா விட மாட்டேன். கண்ணாடி என் பையில் இருக்கிறது. மாத்திரை ஜன்னலில். சாத்தூருக்கு இப்போது பஸ் இருக்கிறதா? உட்கார இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் நீ யாரையாவது எழுப்பு.

அவனுக்கு நான்தான் படிப்பேன். நீ படித்தால் பாடம் மாதிரி இழுத்துக் கெடுத்துவிடுவாய். நடுவில் யாரும் கஞ்சி, மருந்து என்று வந்து நிற்கக் கூடாது. குரங்கு வருகிற இடத்தில் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். எட்டுக்கு வந்ததும் படத்தை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடி. நாக்குக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியட்டும்.

இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு. கதவைச் சாத்து.

முதல் ஆறு வாரத்தை விட்டுவிடலாம். அது சும்மா கதை. ஏழிலிருந்து ஆரம்பிக்கிறேன்.